வீர்சந்த் ராகவ்ஜி காந்தி: ஓர் உருவப்படமும் ஒரு வாழ்வும்

மேல்சித்தாமூர்த் திருமடத்தைத் தலைமைப் பீடமாகப் போற்றிவரும் தமிழ்ச் சமணர்தம் பழைய இல்லங்கள் பலவற்றுள், கூடத்துச் சுவரில் கறுப்பு வெள்ளை உருவப்படம் ஒன்று மாட்டப்பட்டிருக்கக் காணலாம். கைவைத்த நாற்காலியில் நிமிர்ந்து அமர்ந்த பெரியவர் ஒருவர். தோளில் மடித்த அங்கவஸ்திரம். பின்னால் தூணும் திரைச்சீலையும் வரையப்பட்ட துணி. பெரும்பாலும் வீட்டில் உள்ள முதியவர் ஒருவரே அவர் இன்னார் என்று சொல்ல வல்லவராயிருப்பார். அம்முதியவரும் மறைந்துவிட்டால் படம் சுவரில் இருக்கும்; படத்திலிருப்பவர் யாருமில்லாதவர் ஆகிவிடுவார்.

ஓர் உருவப்படம் எதைக் காட்டும், எதைக் காட்டாது, காட்டாததை யார் காக்க வேண்டும் என்பனவற்றை எண்ணிப் பார்க்க, சமண உலகம் முழுவதும் அறிந்த படம் ஒன்றை இங்கு எடுத்துக்கொள்வோம். 1893ஆம் ஆண்டு அமெரிக்க நாட்டின் சிகாகோ நகரில் கூடிய உலகச் சமயப் பேரவையில் சமணத்தின் சார்பாகப் பேசிய வீர்சந்த் ராகவ்ஜி காந்தியின் உருவப்படமே அது. அவர் சுவேதாம்பரப் பிரிவினர். நாமோ திகம்பர நெறியினர். எனினும் அவர் காத்த மலை இரு பிரிவினருக்கும் உரியது. அவர் எடுத்துரைத்த தத்துவமும் இரு பிரிவினருக்கும் பொதுவானது. ஆகவே அவர் வரலாறு நமக்கும் உரிய வரலாறேயாகும்.

படம் காட்டுவது

படத்தில் இருப்பவர் இளைஞர். தலையில் கத்தியவார் நாட்டு முறையில் கட்டிய பாகை, தோளில் போர்வை, அடர்ந்த மீசை. முகத்தில் புன்னகை இல்லை. மேனாட்டுக் கோட்டோ கழுத்துப்பட்டையோ அவர் அணியவில்லை.

புன்னகையின்மையைக் கண்டு அவர் கடுமையானவர் என்று கருதிவிடலாகாது. அக்காலப் புகைப்பட நிலையங்களில் கண்ணாடிக் கூரை வழியாக வரும் பகலொளியே விளக்கு. கண்ணாடித் தகட்டில் உருவம் பதியும்வரை அமர்ந்தவர் அசையலாகாது. தலை ஆடாதிருக்கப் பிடரிக்குப் பின்னால் இரும்புத் தாங்கி வைப்பதும் வழக்கமாயிருந்தது. சிரிப்பை நெடுநேரம் நிலைநிறுத்த இயலாது. இறுகிய வாயை நிறுத்த இயலும். நம் பாட்டனார் படங்களில் காணும் கண்டிப்பான முகங்களுக்கும் இதுவே ஒரு காரணம்.

நிறத்தைப் பற்றியும் படத்தை நம்புவதற்கில்லை. அக்காலத் தகடுகள் நீல ஒளியை விரைந்து ஏற்கும். சிவப்பையும் மஞ்சளையும் எளிதில் ஏற்கமாட்டா. ஆகவே நீல ஆடை வெளுத்தும், செவ்வாடையும் பொற்சரிகையும் கறுத்தும் தோன்றும். பாகை என்ன நிறம் என்று படத்தைக் கொண்டு தீர்மானிப்பது அறிவுடைமையன்று.

இன்று பரவலாகக் காணும் பிரதிகள் பலவும் அச்சிட்ட படத்திலிருந்து எடுத்தவை. அப்பிரதியினின்றும் எடுத்த பிரதிகளும் உண்டு. உருப்பெருக்குக் கண்ணாடியால் நோக்கினால் இவ்வேறுபாடு விளங்கும். அச்சுப்படம் சிறுசிறு புள்ளிகளாகப் பிரிந்து தெரியும். மூலப் புகைப்படத்தில் நிழலும் ஒளியும் இடையறாது ஒன்றோடொன்று கலந்திருக்கும்.

இவ்வளவையும் கழித்தபின் எஞ்சுவது யாது? உடையைப் பற்றிய ஒரு முடிவு எஞ்சுகிறது. ஆங்கிலக் கல்வி கற்றுப் பட்டம் பெற்று, ஆங்கிலேயச் சட்ட நிறுவனத்தில் பயிற்சி பெற்ற ஒருவர், விரும்பியிருந்தால் மேனாட்டு உடை அணிந்திருக்கலாம். அவர் அணியவில்லை. அம்முடிவின் பொருளை அறிய அவர் வாழ்வை அறிதல் வேண்டும். அதனைப் படம் சொல்லாது.

மகுவாவிலிருந்து பம்பாய்க்கு

வீர்சந்த், 1864ஆம் ஆண்டு ஆகஸ்டு 25ஆம் நாள், பாவ்நகர் அரசைச் சேர்ந்த மகுவா என்னும் கடற்கரை ஊரில் பிறந்தார். தந்தையார் ராகவ்ஜி தேஜ்பால், வணிகர். ஊரில் மதிப்புப் பெற்ற சமணக் குடும்பத் தலைவர். மகுவாவில் தொடக்கக் கல்வியும் பாவ்நகரில் உயர்நிலைக் கல்வியும் பெற்ற வீர்சந்த், 1880இல் நுழைவுத் தேர்வில் தேறிப் பம்பாய் எல்பின்ஸ்டன் கல்லூரியில் சேர்ந்தார். 1884இல் பி.ஏ. பட்டம் பெற்றார். சமணருள் பட்டம் பெற்றவர் அரிதாயிருந்த காலம் அது.

மறு ஆண்டே, 21ஆம் வயதில், இந்திய ஜைன சங்கத்தின் மதிப்புறு செயலாளரானார். அதே காலத்தில் பம்பாயில் ஆங்கிலேய வழக்கறிஞர் நிறுவனமொன்றில் சட்டப் பயிற்சியும் மேற்கொண்டார். 1890இல் தந்தையார் மறைந்தபோது, மார்பில் அறைந்துகொண்டு ஓலமிடும் ஊர் வழக்கத்தைத் தம் இல்லத்தில் அவர் அனுமதிக்கவில்லை. இறப்பு என்பது பரியாயம் மாறுதலே என்று கற்றவர், அக்கல்வியைத் தம் வீட்டுத் துயரத்திலும் கைக்கொண்டார்.

1891இல் இலண்டனிலிருந்து திரும்பிப் பம்பாயில் இந்தியச் சட்டம் பயிலத் தொடங்கிய மோகன்தாஸ் காந்தி, அக்காலத்தில் தாம் செய்த உணவுச் சோதனைகளில் வீர்சந்த் காந்தியும் உடன் ஈடுபட்டதைத் தம் தன்வரலாற்றில் குறித்துள்ளார். இருவரும் குடிப்பெயரால் காந்திகள், உறவினர் அல்லர். ஆயினும் எதை உண்பது, எதை விலக்குவது என்னும் கேள்வியே வாழ்வின் முதன்மைக் கேள்வியென்று கொண்ட வகையில் இருவரும் ஒருவழிச் சென்றவர்கள்.

இரண்டு மலைகள்

வீர்சந்தின் பொதுத் தொண்டு இரண்டு மலைகளைச் சார்ந்தது.

முதலாவது பாலிதானாவிலுள்ள சத்ருஞ்ஜய மலை. அவ்வூர் மன்னர் மலையேறும் யாத்திரிகரிடம் தலைவரி விதித்தார். வரி கொடாதவரைத் தடுப்பதும், அதனால் பூசல் விளைவதும் தொடர்ந்தன. செயலாளராகிய வீர்சந்த், அரசியல் அதிகாரி கர்னல் வாட்சனிடமும் பம்பாய் ஆளுநர் ரே பிரபுவிடமும் முறையிட்டு, 1886இல் ஓர் உடன்பாடு ஏற்பட வழிசெய்தார். யாத்திரிகர் ஒவ்வொருவரிடமும் வரி தண்டுவது நின்றது; அதற்கு ஈடாகச் சமண சங்கம் ஆண்டுக்கு 15,000 ரூபாய் கொடுப்பதென 40 ஆண்டுகளுக்கு முடிவாயிற்று. அந்த 40 ஆண்டுகள் 1926இல் முடிந்தபோது பூசல் மீண்டும் எழுந்ததையும், சமணர்கள் ஈராண்டுக் காலம் அம்மலைக்கு யாத்திரை செல்லாது விலகி நின்றதையும் நோக்கினால், ஓர் இளைஞர் பெற்றுத்தந்த அமைதி எத்துணைப் பெரிது என்பது விளங்கும்.

இரண்டாவது, நாமும் வாழ்நாளில் ஒருமுறையேனும் காண விழையும் சம்மேத சிகரம். தீர்த்தங்கரர் 24 பேருள் 20 பேர் வீடுபேறெய்திய தலம். அம்மலைப் பகுதியில் போடம் என்னும் ஆங்கிலேயர், பன்றிகளைக் கொன்று கொழுப்பெடுக்கும் தொழிற்சாலை தொடங்கினார். கீழ் நீதிமன்றத்தில் வழக்குத் தோற்றது. வீர்சந்த் கல்கத்தா சென்றார். சான்றாவணங்கள் வங்க மொழியில் இருந்தமையால், பிறர் மொழிபெயர்ப்பை நம்பியிராமல் தாமே பல திங்கள் தங்கி வங்க மொழி கற்று, அவற்றைப் படித்து ஆங்கிலத்தில் ஆக்கி உயர்நீதிமன்றத்தில் வைத்தார். தீர்ப்பு சமணர் பக்கம் ஆயிற்று. தொழிற்சாலை மூடப்பட்டது.

இச்செயலில் கருதத்தக்கது ஒன்றுண்டு. கொலையைத் தடுக்க அவர் எவரையும் தாக்கவில்லை, பழித்தும் திரியவில்லை. ஒரு மொழியைக் கற்றார்.

கடல் கடவாத முனிவரும் கடல் கடந்த இல்லறத்தாரும்

சிகாகோ நகரில் நடைபெறவிருந்த உலகக் கண்காட்சியோடு சேர்த்து, எல்லாச் சமயத்தாரும் ஓரவையில் கூடிப் பேச வேண்டுமென்று அமைப்பாளர்கள் திட்டமிட்டனர். சமணத்தின் சார்பாக அழைக்கப்பெற்றவர், விஜயானந்த சூரி என்னும் ஆசாரியப் பெயர் பூண்ட ஆத்மாராம்ஜி முனிவர். பஞ்சாபில் பிறந்து, பழஞ்சுவடிகளை ஆழ்ந்து கற்று, வட இந்தியா முழுவதும் கால்நடையாகவே அறம் பரப்பிய சான்றோர் அவர்.

சமண முனிவர் வண்டியும் ஏறார், கப்பலும் ஏறார். ஆகவே அவர் செல்ல இயலவில்லை. அமைப்பாளர்கள் அவர்தம் வாழ்க்கைக் குறிப்பையும் புகைப்படத்தையும் வேண்டினர். அவை கடல் கடந்து சென்றன. பேரவைத் தலைவர்களுள் ஒருவராகிய ஜான் ஹென்றி பரோஸ் அதே 1893இல் இரண்டு தொகுதிகளாக வெளியிட்ட பேரவை வரலாற்று நூலில் அம்முனிவரின் உருவப்படம் இடம் பெற்றது. விரதம் காத்த உடல் இந்திய மண்ணிலேயே நடந்தது. அதன் நிழல் மட்டும் அமெரிக்கா சென்றது.

நிழல் பேசாது, பேச ஒருவர் வேண்டும். முனிவர் தேர்ந்தெடுத்தது வீர்சந்தை. அவரைத் தம்மிடம் வரவழைத்துத் தத்துவ நுட்பங்களைக் கற்பித்து, கேட்கப்படக்கூடிய வினாக்களுக்கு விடைகளையும் எழுதித் தந்தார். அவ்வினாவிடைகள் பின்னர் நூலாகவும் வெளிவந்தன. துறவறத்தார் செல்ல இயலாத இடத்துக்கு இல்லறத்தார் சென்று அறத்தை நிலைநாட்டலாம் என்பது அம்முனிவர் செய்த துணிவு. சமணச் சங்கம் முனிவர், ஆர்யிகை, சிராவகர், சிராவகி என நான்காக வகுக்கப்பட்டதன் பொருள் இங்கே தெளிவாகிறது.

சிகாகோவில்

பேரவை 1893 செப்டம்பர் 11 முதல் 27 வரை 17 நாள்கள் நடைபெற்றது. மேடையில் எடுக்கப்பட்ட புகைப்படம் ஒன்றில் வீர்சந்தும், இலங்கை அனகாரிக தருமபாலரும், சுவாமி விவேகானந்தரும் ஒருங்கே காணப்படுகின்றனர். மூவரும் இளைஞர்கள். தருமபாலர் வீர்சந்துக்கு 23 நாள்களே இளையவர். விவேகானந்தர் ஒன்றரை ஆண்டு மூத்தவர். மூவருமே தத்தம் நாட்டு உடையிலேயே இருக்கின்றனர்.

தொடக்க நாளில் வீர்சந்த் ஆற்றியது நன்றியுரை. செப்டம்பர் 25ஆம் நாள் ஆற்றியதே முதன்மை உரை. சமணம் பொருள்களை இரு நோக்கில் காண்கிறது என்பதிலிருந்து அவர் தொடங்கினார். திரவிய நோக்கில் பொருள் அழியாதது. பரியாய நோக்கில் அது கணந்தோறும் மாறுவது. இரண்டில் ஒன்றை மட்டும் பற்றிக்கொண்டு மற்றதை மறுப்பது அரைகுறை அறிவு. அநேகாந்தத்தின் வாயிலையே அவர் முதலில் திறந்து வைத்தார்.

அதே பேரவையில் இலண்டனிலிருந்து வந்த பென்ட்டகாஸ்ட் என்னும் பாதிரியார் இந்து ஆலயங்களின் தேவதாசி முறையைச் சுட்டி இந்தியச் சமயங்களை இழித்துரைத்தார். அவர் சொன்னது சமணத்தை நோக்கியதன்று; வீர்சந்த் வாளாவிருந்திருக்கலாம். அவர் எழுந்து, தம் சமயத்தைக் குறைகூறாதவரிடமும், தம் நாட்டாரின் சமயத்துக்காக மறுமொழி கூறினார். தன் வீட்டில் தீப்பற்றவில்லை என்று அயலார் வீட்டுத் தீயைப் பாராதிருப்பது அவர் கற்ற அறமன்று.

பேரவைக்குப் பின்னும் அவர் ஏறத்தாழ ஈராண்டுகள் அந்நாட்டில் தங்கி, பாஸ்டன், நியூயார்க், வாஷிங்டன் முதலிய நகரங்களில் சொற்பொழிவாற்றினார். தத்துவம் பயில விரும்பிய அமெரிக்கர்க்குச் சங்கங்கள் அமைத்தார். இந்தியப் பெண்களின் கல்விக்கு உதவும் சங்கம் ஒன்று அங்கு உருவாகவும் காரணமானார். 1896-97இல் இந்தியாவில் கொடும் பஞ்சம் தோன்றியபோது, அமெரிக்க நண்பர்களிடம் நிதி திரட்டி அனுப்பியதோடு, தானியம் ஏற்றிய கப்பலொன்று இந்தியாவுக்கு வரவும் பாடுபட்டார்.

ஊரார் சொல்

இவ்வளவு செய்தவருக்குத் தாயகத்தில் கிடைத்தது என்ன? கடல் கடந்தமையால் ஆசாரம் கெட்டார் என்றும், சமூகத்தினின்று நீக்க வேண்டும் என்றும் ஒரு சாரார் கிளர்ந்தனர்.

இதற்கு வியத்தகு சான்றொன்று, சமணரல்லாத ஒருவரிடமிருந்து கிடைக்கிறது. 1894 நவம்பரில் சிகாகோவிலிருந்து ஜூனாகத் திவானுக்கு எழுதிய கடிதத்தில் சுவாமி விவேகானந்தர், வீர்சந்தைக் குறிப்பிட்டு, அக்கொடுங்குளிரிலும் அவர் தூய தாவர உணவன்றி வேறொன்றும் உட்கொள்ளாமையையும், தம் நாட்டாருக்கும் சமயத்துக்கும் முழு மூச்சாகப் பரிந்து பேசுவதையும் பாராட்டி, அவரை அனுப்பியவர்களோ அவரைச் சாதிநீக்கம் செய்ய முயல்கிறார்களே என்று வருந்தியுள்ளார்.

இப்போது உருவப்படத்தை மீண்டும் நோக்குவோம். பாகையும் போர்வையும் வெறும் அலங்காரமல்ல என்பது புலனாகும். அந்நாட்டுக் குளிருக்கு ஏற்ற உடையும், அந்நாட்டார் உண்ணும் உணவும் எளிதில் கிடைத்த இடத்தில், இரண்டையும் அளவறிந்து விலக்கி நின்றவரின் படம் அது. கடலைக் கடந்தார், ஒழுக்கத்தைக் கடக்கவில்லை. ஆனால் அவர் என்ன உண்டார் என்பதைப் படம் காட்டாது. ஊரில் குற்றம் சாட்டியவர்கள் கையில் அப்படம் இருந்திருந்தாலும், அதனால் அவர்கள் தெளிந்திருக்க மாட்டார்கள். உடனிருந்து கண்ட ஒருவர் எழுதிவைத்தமையாலேயே இன்று நாம் அறிகிறோம்.

1895இல் வீர்சந்த் இந்தியா திரும்பினார். ஆத்மாராம்ஜி முனிவர் அவர் பக்கம் உறுதியாக நின்றார். மறு ஆண்டு, 1896இல், அம்முனிவர் குஜ்ரன்வாலாவில் இயற்கையெய்தினார். அதே ஆண்டு வீர்சந்த், மனைவி ஜீவிபாயுடனும் மகன் மோகனுடனும் மீண்டும் கடல் கடந்து சென்று அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் தொண்டைத் தொடர்ந்தார். ஒருவர் தாம் கொண்டது அறமென்று தெளிந்துவிட்டால், பழிச்சொல் அவரைத் தடுக்காது என்பதற்கு அவ்விரண்டாம் பயணமே சான்று.

உடல்நலம் குன்றி அவர் 1901இல் தாயகம் திரும்பினார். சில வாரங்களிலேயே, ஆகஸ்டு 7ஆம் நாள், மறைந்தார். 37 ஆண்டு நிறைவுக்கு 18 நாள்கள் இருந்தன. பேரவை மேடையில் உடனிருந்த விவேகானந்தர் மறு ஆண்டு ஜூலையில் மறைந்தார். தருமபாலர் மட்டும் 1933 வரை வாழ்ந்தார்.

வீர்சந்தின் சொற்பொழிவுகள் பிறரால் தொகுக்கப்பெற்று, சமணத் தத்துவம் பற்றிய நூல் 1911இலும், கன்மத் தத்துவம் பற்றிய நூல் 1913இலும் வெளிவந்தன. ஆயினும் நெடுங்காலம் அவர் பெயர் பெரிதும் பேசப்படவில்லை. பிற்காலத்தே, சிகாகோ நகரை அடுத்த பார்ட்லெட் ஜைனாலயத்தில் அவருக்குச் சிலை எழுந்தது. 2002இல் இந்திய அஞ்சல்துறை அவர் நினைவாக அஞ்சல்தலை வெளியிட்டது. அவர் தோற்றத்தை இன்று நாம் அறிவது அக்காலப் புகைப்படங்களால்தான்.

நால்வகை நிட்சேபமும் நம் இல்லத்துப் படமும்

தத்துவார்த்த சூத்திரத்தின் முதல் அத்தியாயம், ஒரு பொருளை அறிவதற்கு நாமம், தாபனை, திரவியம், பாவம் என்னும் நால்வகை நிட்சேபங்களை வகுக்கிறது. பெயரால் குறிப்பது நாமம். உருவத்தில் ஏற்றிக் காண்பது தாபனை. முன்னிருந்த நிலையையோ இனி வரும் நிலையையோ கொண்டு சொல்வது திரவியம். இப்பொழுது உள்ள உண்மைநிலை பாவம். உருவப்படம் இவற்றுள் தாபனையின்பாற்படும். தாபனை மட்டும் இருந்து நாமம் அழிந்துவிட்டால், அது யாரைத் தாபித்தது என்பதே இல்லாமற்போகும்.

நாமமும் எளிதில் பிழைபடும். முன்னர்க் குறித்த பரோஸின் நூலிலேயே வீர்சந்தின் பெயரில் தந்தை பெயரின் முதலெழுத்தாகிய ஆர் இருக்க வேண்டிய இடத்தில் ஏ என்று அச்சாகிவிட்டது. உலகமறிய உரையாற்றியவர் பெயரே, அவ்வாண்டிலேயே, அத்துணைப் பெரிய நூலிலேயே பிழைபட்டதென்றால், ஓர் ஊரில் வாழ்ந்து மறைந்த நம் முன்னோர் பெயர்கள் என்ன ஆகும் என்று எண்ணுதல் வேண்டும்.

இதற்கு நேர்மாறான ஒரு சான்று நம் அருகிலேயே இருக்கிறது. செஞ்சியை அடுத்த திருநாதர்குன்றில் 24 தீர்த்தங்கரர் திருவுருவங்கள் செதுக்கப்பட்ட பாறையை நம்மவர் அறிவர். அக்குன்றில் உள்ள பழங்கல்வெட்டு, சந்திரநந்தி என்னும் ஆசிரியர் 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர்நீத்த இடம் அது என்பதைப் பதிவு செய்கிறது. அவர் முகம் எப்படியிருந்தது என்று எவருக்கும் தெரியாது. பெயரும், நோன்பும், நாள்களின் எண்ணிக்கையும் மட்டுமே உள்ளன. நூற்றாண்டுகள் பல கடந்தும் அவர் யார் என்று நமக்குத் தெரிகிறது. அங்கே உருவம் இல்லை, பெயரும் செயலும் உண்டு. நம் வீட்டுச் சுவரில் உருவம் உண்டு, பெயரும் செயலும் இல்லை.

திருமடத்துப் படங்களிலும் ஒரு நுட்பம் உண்டு. மேல்சித்தாமூர்ப் பட்டம் ஏற்கும் அடிகளார் அனைவரும் இலட்சுமிசேன பட்டாரகர் என்னும் ஒரே திருப்பெயர் தாங்குவது மரபு. ஆகவே அடிகளாரோடு நம் குடும்பத்தார் நிற்கும் பழைய படத்தில் அத்திருப்பெயரை மட்டும் எழுதி வைத்தால் போதாது. எந்த ஆண்டு, எந்த விழா என்பதையும் எழுதினாலன்றி எந்த அடிகளார் என்பது பின்னோர்க்கு விளங்காது.

படத்தின் அட்டையைத் திருப்பிப் பார்த்தால் சில செய்திகள் கிடைக்கலாம். அக்கால நிலையங்கள் தம் பெயரையும் ஊரையும் அட்டையின் அடியிலோ பின்புறத்திலோ அச்சிடுவது வழக்கம். சென்னை மவுண்ட் ரோட்டு நிலையமா, பிற ஊர் நிலையமா என்பது தெரிந்தால், காலத்தையும் பயணத்தையும் ஓரளவு கணிக்கலாம். பின்புறத்தில் பேனாவால் எழுதினால் மை ஊறி முகத்தில் தோன்றும். மென்மையான பென்சிலால் ஓரத்தில் எழுதுவதே நன்று. படத்தைக் கைப்பேசியில் பதிவு செய்யும்போது முன்புறத்தோடு பின்புறத்தையும் பதிவு செய்தல் வேண்டும்.

கொல்லாமை நோற்கும் நம்மவர் அறியத்தக்க செய்தியொன்றும் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் உருவப்படம் அச்சிட்ட தாள்களுள் பெரும்பாலானவை கோழிமுட்டையின் வெண்கருவைப் பூசிச் செய்யப்பட்டவை. பின்னர் வந்த தகடுகளிலும் தாள்களிலும் பூசிய ஜெலட்டின், விலங்குகளின் தோல், எலும்புகளிலிருந்து எடுப்பது. கொல்லாமை பேசியவர்களின் உருவங்களும் இத்தகைய பொருள்களின்மீதே பதிந்தன. இதைக் கொண்டு அவர்களைக் குறை கூறுவதற்கில்லை. கருதிச் செய்யும் இம்சையையும், இல்வாழ்விலும் தொழிலிலும் தவிர்க்கவியலாது நேரும் இம்சையையும் நம் நூல்கள் வேறுபடுத்தியே உரைக்கின்றன. ஆயினும் அழகிய ஒரு பொருளின் பின்னே எந்த உயிரின் துன்பம் இருக்கிறது என்று வினவும் பழக்கம் சிராவகரிடம் இருத்தல் நலம். வீர்சந்த் சம்மேத சிகரத்தில் வினவியதும் அதுவே.

இன்று நம் பிள்ளைகள் பலர் கல்விக்காகவும் தொழிலுக்காகவும் கடல் கடந்து வாழ்கின்றனர். சாதிநீக்கம் செய்வோர் இப்பொழுது இல்லை. இரவுண்ணாமையையும் புலாலுண்ணாமையையும் காப்பதற்கு அங்கு நினைவூட்டுவோரும் அருகில் இல்லை. அவர்களுக்கு நாம் அனுப்பத்தக்கது இப்பெரியாரின் வரலாறு. அதனோடு, தம் பாட்டனார், பாட்டியாரின் உருவப்படமும், அதன் பின்புறத்தில் அவர்தம் பெயரும், ஊரும், காத்த விரதமும் எழுதப்பெற்று உடன் செல்லுமாயின், தாம் யார் வழிவந்தவர் என்பதை அவர்கள் அறிவர்.

பரியாயங்கள் மாறும். உடல் நீங்கும், தாளும் நாளடைவில் மங்கும். வீர்சந்தின் முகத்தைக் காத்தது ஒரு கண்ணாடித் தகடு. அவர் ஒழுக்கத்தைக் காத்தது ஒரு கடிதத்தில் எழுதிய சில வரிகள். வரும் தசலட்சணப் பருவத்தில், ஒவ்வோர் இல்லத்திலும் மூத்தோர் அருகில் இளையோர் அமர்ந்து, சுவரில் உள்ள படங்களை ஒவ்வொன்றாக இறக்கி, அவ்விதமான சில வரிகளை எழுதி வைப்பார்களாக.

அறம் வளர்க! ஜிநநெறி ஓங்குக!